பிசுங்கானும் பழைய கிற்றாரும்

புது மண்வெட்டிப் பிடியை அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுபோகிற கமக்காரரை யாழ்ப்பாணத்தில் காண்பது அரிது. கடைப்பிடி பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும். நாலு கொத்துக் கொத்தினால் உள்ளங்கை கொப்பளிக்கும், சிலாம்பு ஏறும். அதனால் முதல் வேலையாக உடைந்த போத்தல் ஓடு ஒன்றைத் தேடுவார்கள். ஊர்ப் பேச்சில் அது பிசுங்கான். அதன் கூரான விளிம்பைப் பிடியில் சாய்த்து வைத்து இழுத்தால் மரம் பூந்துகளாகச் சீவுப்பட்டு வரும். பிறகு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய், ஒரு பழந்துணி. அரை மணித்தியாலத்தில் அந்தப் பிடி, பத்து வருசம் வெங்காயத் தறை கொத்திய பிடி போலக் கைக்குள் உட்காரும்.

இதே வேலையைப் புது மின்கிற்றாரில் செய்து, புதுசை விடக் கூடின விலைக்கு விற்கிறார்கள். 1995இல் அமெரிக்க இசைக்கருவி வியாபாரிகளின் கண்காட்சிக்கு பென்டர் நிறுவனத்தின் தனிப்பட்டறை இரண்டு கிற்றார்களைக் கொண்டுவந்தது. இரண்டும் 1950களின் வடிவங்கள். பூச்சு உரிந்து, ஆணிகள் துருவேறி, பிளாஸ்டிக் பாகங்கள் மஞ்சளித்து இருந்தன. உண்மையில் அவை புத்தம் புதியவை. அவற்றுக்கு வயசேற்றியவர் மிசூரி மாநிலத்துக்காரரான வின்ஸ் குனெட்டோ. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் தமக்குச் செய்து கொடுத்த புதுக் கிற்றார்களைப் பார்த்து, இவை மிகவும் புதுசாக இருக்கின்றன, கொஞ்சம் அடிபட்டதாக்கித் தாருங்கள் என்று கேட்டதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதையும் உண்டு. வைத்த பெயர் ‘ரெலிக்’. எங்கள் கத்தோலிக்க ஊர்களில் புனிதர்களின் எலும்பையும் உடையையும் திருப்பண்டம் என்று வணங்குகிறார்களே, ஆங்கிலத்தில் அதற்கும் இதே சொல்தான். பெயர் வைத்தவருக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது.

வயசேற்றுகிற முறைகள் சமையல் குறிப்பு மாதிரி. 1950களின் கிற்றார்களுக்குப் பூசியது நைட்ரோசெலுலோஸ் அரக்கு. பஞ்சிலும் மரத்திலும் உள்ள செலுலோசை நைத்திரிக் அமிலத்தோடு வினைபுரியவைத்து எடுப்பது அது. அதனுள் நெகிழ்வுக்காகச் சேர்த்த பொருள் வருசக்கணக்கில் மெல்ல ஆவியாகிப் போகும். பூச்சு சுருங்கும், மஞ்சளிக்கும், கடினமாகும். குளிரில் கிடந்த கிற்றாரைச் சூடான அறையில் சட்டென்று திறந்தால் மரமும் பூச்சும் வெவ்வேறு அளவில் விரிய, மெல்லிய வெடிப்புகள் வலைபோல ஓடும். இதைப் பார்த்துப் பழகியவர்கள் புதுக் கிற்றாரைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துத் தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டினார்கள். வெடிப்பு ஒரே நாளில் வந்தது. உலோகப் பாகங்களுக்கு ஐதரோகுளோரிக் அமிலத்தின் ஆவி. முழங்கை உரசும் இடத்தில் அரத்தாள், இடுப்புப்பட்டியின் கொளுக்கி படும் முதுகில் கீறல்கள். கிப்சன் நிறுவனமும் 2020இல் இதற்கென்றே, வயசேற்றுவதில் பேர்போன கைவினைஞர் டொம் மர்பியின் பெயரில் ஒரு பட்டறை திறந்தது.

எங்கள் பக்கத்தில் இந்த அமிலத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடலோ கடனீரேரியோ தூரமில்லை. சோளகம் அள்ளி வருகிற உப்புத்துகளில் உள்ள குளோரைட்டு, நிக்கல் முலாமின் கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் புகுந்து அடியிலுள்ள இரும்பைத் தின்னும். கரையோர வீட்டு யன்னல் கம்பியைப் பார்த்தவருக்கு விளக்கம் வேண்டாம். வியர்வையும் உப்புத்தான். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கலகரின் 1961ஆம் ஆண்டு பென்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிற்றாரில் அவருடைய வியர்வையே பெரும்பகுதிப் பூச்சைத் தின்றுவிட்டது என்பார்கள். அந்த உரிந்த கோலத்தையே பென்டர் பிறகு நகலெடுத்து விற்றது.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் எங்கள் ஊர் அண்ணை ஒருவர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் திருவிழா மேடைகளில் இசைக்குழுக்களோடு வாசித்தவர். அப்போது கிற்றார் எங்களுக்குப் புதிய வாத்தியம் இல்லை. உரும்பிராய் நித்தி கனகரத்தினம் 1960களின் கடைசியில் பாடத் தொடங்கிய ‘சின்ன மாமியே’, கிற்றாரையும் பொப் பாட்டையும் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்விட்டது. ஆனால் மின்கிற்றார் வாங்குவது லேசில்லை. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோதுதான் அண்ணைக்கு ஒன்று வாய்த்தது. கொழும்பில் வாங்கிய ஜப்பான் கிற்றார், ஸ்ட்ராடோகாஸ்டரின் சாயலில் செய்தது.

போன வருசம் அதை என் மடியில் வைத்தார்.

“தம்பி, முதல் வயரைக் குத்தாமல் வாசிச்சுப் பாரும்.”

கழுத்தின் பின்பக்கம் அம்மாவின் அகப்பைக் காம்பு போல இருந்தது. கை எங்கும் ஒட்டவில்லை. மெட்டுப்பலகையின் ஓரங்கள் உருண்டு, விரல் தானாக வழுக்கியது. தந்தியைத் தட்டியவுடன் அதிர்வு வயிற்றில் தெரிந்தது. மரம் பழுத்துவிட்டது, அதுதான் இந்த நாதம் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

“உது பழுக்கேல்லை, தம்பி. தொண்ணூற்றிரண்டிலை நான் பிசுங்கானாலை சீவினது.”

1990இன் நடுவில் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலம் தடைசெய்த பொருள். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்னெடுத்த காலம். அந்த வருசங்களில் மின்கிற்றார் என்பது தந்தி கட்டிய பலகை. அண்ணை அதையும் விடவில்லை. ஒலிபெருக்கி இல்லாமல், பக்கத்து அறைக்கும் கேட்காத சத்தத்தில், குப்பி விளக்கடியில் இருந்து வாசித்தார். ஜப்பான்காரர் கழுத்தில் பூசியிருந்த தடித்த பளபளப்புப் பூச்சு சித்திரை வெக்கையில் கையைப் பிடித்து இழுத்தது. தகப்பனாரின் மண்வெட்டிப் பிடி மூலையில் நின்றது. மிச்சம் தெரிந்ததுதானே. 1995 ஐப்பசி இடப்பெயர்வில் கிற்றார் சைக்கிள் பாரில் கட்டுண்டு தென்மராட்சி போய்த் திரும்பியது.

ஆக, என் கையில் இருந்தது யாழ்ப்பாணத்து ‘ரெலிக்’. நான் மரத்தில் கேட்டதாக நினைத்த முதுமை உண்மையில் எங்கே இருந்தது?

மின்கிற்றாரின் சத்தம் பிறக்கும் இடத்தைப் பார்த்துவிடுவோம். தந்தி உருக்கு. அதன் கீழே பிக்-அப். அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு, இரும்பு கலந்த அல்நிக்கோ காந்தக் குற்றிகளைச் சுற்றி, தலைமயிரின் தடிப்பான 0.06 மில்லிமீற்றர் அளவு செப்புக்கம்பி ஏறத்தாழ 8,000 சுற்றுகள். காந்தப்புலத்தில் உருக்குத் தந்தி அசைந்தால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். 1831இல் பரடே கண்ட அதே தூண்டல்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வயலினில் தந்தி மரத்தை அசைக்கிறது, மரம் காற்றை அசைக்கிறது, காற்று காதுக்கு வருகிறது. பிக்-அப்புக்குக் காற்றைப் பற்றிக் கவலையில்லை. உடலின் பூச்சு வெடித்ததா, மஞ்சளித்ததா என்பதும் அதற்குத் தெரியாது. தந்தியின் அசைவு ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

அதனால் மரத்துக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிடலாமா? முழுக்க இல்லை. தந்தியின் சக்தியில் ஒரு பங்கை மரம் குடித்துவிடும். ஜெர்மனியில் ஃபிளைஷர், ஸ்விக்கர் என்ற ஆய்வாளர்கள் 1990களில் அளந்து காட்டியது இதைத்தான். கழுத்து தன் இயல்பான அதிர்வெண் ஒன்றில் இளகி ஆடும் இடத்தில் ஒரு சுரத்தைப் பிடித்தால், அது பக்கத்துச் சுரங்களை விடச் சீக்கிரம் செத்துப்போகிறது. கிற்றார்காரர் அதை ‘செத்த இடம்’ என்பார்கள். இந்தக் குடிப்பில் பெரும்பங்கு கழுத்துக்கு, உடலுக்குக் கொஞ்சம். பலகை எந்த மரம் என்பது காதுக்குக் கேட்குமா என்று இன்றைக்கும் பட்டிமன்றம் நடக்கிறது. நாஷ்வில் நகரத்துக் கிற்றார்க் கலைஞர் ஜிம் லில் ஒருபடி மேலே போய், உடலும் கழுத்தும் இல்லாமல் தந்திகளை இரண்டு மேசைத்தட்டுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, கீழே பிக்-அப்பை வைத்து வாசித்துப் பதிவு செய்தார். கேட்டால் கிற்றாராகத்தான் இருக்கிறது.

காந்தம் கிழடாகுமே என்று கேட்கலாம். அல்நிக்கோ தானாகப் பலமிழப்பது மிகக் குறைவு. வேறு காந்தத்தோடு உரசினாலோ பலத்த புலத்துக்குள் மாட்டினாலோதான் அது தளரும். சில பட்டறைகள் இதையும் வேண்டுமென்றே செய்கின்றன. தளர்ந்த காந்தம் தந்தியைக் குறைவாக இழுக்கும், சத்தமும் சற்று இறங்கும். வித்தியாசம் உண்டு. ஆனால் இதே வித்தியாசத்தை பிக்-அப்பின் மரையாணியை அரைச்சுற்றுத் திருகியும் எடுக்கலாம்.

இதை விடப் பெரிய விசயம் ஒருவரும் பார்க்காத இடத்தில் கிடக்கிறது: கிற்றாரில் இருந்து ஒலிபெருக்கிக்கு ஓடுகிற வயர். பிக்-அப் சுருளின் தூண்டுதிறன் ஏறத்தாழ 2.2 ஹென்றி. வயருக்கு ஒரு கொள்ளளவம் உண்டு, மீற்றருக்கு 100 பிக்கோபரட் அளவில். இரண்டும் சேர்ந்து ஊஞ்சல் போல ஓர் அதிர்வெண்ணில் கூடுதலாக ஆடும். அந்த இடத்துச் சுரப்பகுதி எழுந்து கேட்கும், அதற்கு மேலே உள்ளவை விழுந்துவிடும். சுருளுக்கே உரிய 100 பிக்கோபரட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், 5 மீற்றர் வயரில் அந்த மேடு 4,400 ஹேர்ட்ஸ் பக்கம் வரும். 10 மீற்றராக்கினால் 3,200க்கு இறங்கிவிடும். சத்தத்தின் கூர் மழுங்கி, ‘வட்டமாக’, ‘பழசாக’க் கேட்கும். திருவிழா மேடையில் ஒலிபெருக்கி ஒரு மூலையிலும் வாசிப்பவர் மறு மூலையிலும் இருந்ததால் அண்ணையிடம் அக்காலத்து நீண்ட வயர் ஒன்று இருந்தது. மேடையில் கேட்ட அவருடைய கிற்றாரின் ‘பழைய நாதத்தில்’ பாதிக்கு மேல் அந்த வயருக்குச் சொந்தம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

பழைய மரத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மரத்தில் செலுலோசு நார், அவற்றை ஒட்டிவைக்கிற லிக்னின், இரண்டுக்கும் நடுவே அரைச்செலுலோசு. ஈரத்தை அதிகம் இழுப்பது மூன்றாவதுதான். காலப்போக்கில் அது சிதையச் சிதைய மரம் இலேசாகும், ஈரம் குறைவாக உறிஞ்சும், அதிர்வை உள்ளே குடிப்பதும் சற்றுக் குறையும். நூறு வருசம் எடுக்கிற இந்த மாற்றத்தில் ஒரு பங்கை, ஒட்சிசன் குறைந்த அடுப்பில் 160 முதல் 220 பாகை செல்சியஸ் வரை மரத்தை வாட்டிச் சில மணித்தியாலங்களில் கொண்டுவரலாம். கடலை வறுத்த நிறமாகிவிடும் அந்த மரத்தில் இப்போது பல நிறுவனங்கள் கிற்றார்க் கழுத்துச் செய்கின்றன. எங்கள் காலநிலைக்கு இதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிற்சாலையில் 45, 50 வீத ஈரப்பதனில் மரத்தின் நீர் 9 வீதம் அளவில் நிற்கும். குடாநாட்டுக் காற்று 80 வீதத்தைத் தொடுகிற வாடை நாட்களில் அதே மரம் 16 வீதம் வரை நீர் இழுத்து வீங்கும், கழுத்து வளையும், தந்தி மெட்டில் இரையும். வாட்டிய மரம் அவ்வளவு ஆடாது.

இதை எங்கள் நாதஸ்வர உலகம் அடுப்பில்லாமலே அறிந்து வைத்திருக்கிறது. அளவெட்டியிலும் இணுவிலிலும் வாசித்த பெரிய வித்துவான்கள் மதித்த கருவி நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம். கும்பகோணத்துக்குப் பக்கத்து அந்த ஊரில் ஆச்சா மரத்தைப் பழைய வீடுகளின் தூணிலும் உத்தரத்திலும் இருந்து எடுப்பார்கள். பல பத்து வருசம் கூரையடியில் காய்ந்த மரம் அது. 2022இல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. துளையின் அளவில் மயிரிழை மாறினாலும் சுருதி போய்விடுகிற ஒரு குழல்வாத்தியத்துக்கு இனி ஆடாத, வெடிக்காத மரம் வேண்டும். இங்கே பழைய மரம் கேட்பது நியாயமான தச்சுக் கணக்கு. நாங்கள் வைரம் பாய்ந்த பனையில் சிலாகை தேடுவதும் இதே கணக்குத்தான்.

வாசிக்க வாசிக்க வாத்தியம் கனியும் என்ற நம்பிக்கையையும் ஒருமுறை அளந்து பார்த்திருக்கிறார்கள். எங்கள் சனம் நிறைய வாழ்கிற சிட்னியில், ஒரே மரத்தில் ஒரே கைவினைஞர் இரட்டை வயலின்கள் செய்தார். ஒன்று அருங்காட்சியகத்தில் உறங்கியது. மற்றதை ஒரு கலைஞர் தொடர்ந்து வாசித்தார். மூன்று வருசம் கழித்து, 2005இல் வெளியான முடிவில், வாசித்தவர்களாலும் கேட்டவர்களாலும் இரண்டையும் நம்பகமாக வேறுபடுத்த முடியவில்லை. இன்னும் பெரிய அடி 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் விழுந்தது. ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்சும் கூட்டாளிகளும் 21 வயலின் கலைஞர்களுக்கு இருண்ட கண்ணாடி மாட்டி, மூன்று புது வயலின்களையும், இரண்டு ஸ்ட்ராடிவாரியும் ஒரு குவார்னேரியுமாக மூன்று பழைய வயலின்களையும் கொடுத்தார்கள். பழைய அரக்கு மணம் காட்டிக்கொடுக்காமல் இருக்க நாடிக்கட்டையில் வாசனைத் திரவியம் கூடத் தடவினார்கள். ஆகக் கூடுதலாகப் பிடித்தது ஒரு புதுசு. ஆகக் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவாரி. 2012இல் பாரிசுக்குப் பக்கத்தில் 10 தனிக்கச்சேரிக் கலைஞர்களோடு மறுபடி செய்தபோதும் 6 பேர் புதுசைத் தேர்ந்தார்கள். மரமே முழங்குகிற வயலினுக்கே கதி இதுவென்றால், பலகைக் கிற்றாரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் அண்ணையின் கிற்றார் என் மடியில் கிடந்தபோது நான் உணர்ந்தது பொய்யும் இல்லை. அதைக் காதுக் கணக்கில் எழுதியதுதான் பிழை.

தோல் ஒரு கருவி. உள்ளங்கையின் ஆழத்தில் பசினியன் என்ற வெங்காயம் போன்ற நுண்ணுறுப்புகள் உண்டு. 250 ஹேர்ட்ஸ் அளவு அதிர்வுக்கு அவை மிகக் கூர்மை. கிற்றாரின் வெறுந்தந்திகள் 82 முதல் 330 ஹேர்ட்ஸ் வரை. ஆகவே கழுத்தின் அதிர்வு கைக்குள்ளும், உடலின் அதிர்வு வயிற்றிலும் நேரே விழுகிறது. கேட்டுக்கொண்டு இருப்பவருக்கு இதில் ஒரு துளியும் போய்ச் சேராது, வாசிப்பவருக்கு மட்டும் கிடைக்கும் தனிப் பங்கு. மின்சாரம் இல்லாத ஐந்து வருசம் அண்ணை வாசித்த இசையில் பெரும்பகுதி இதுதான்.

வழுக்கலுக்கும் கணக்கு உண்டு. விரல்தோல் மென்மையானது, ஈரமானது. கண்ணாடி போன்ற பூச்சில் அது முழுப்பரப்பாகப் படிந்து ஒட்டும். சீவிய மரத்தில் நுண்மேடுகளின் உச்சியில் மட்டும் தொடும், நடுவே வியர்வை போக இடமும் இருக்கும். அதனால்தான் தேய்ந்த கழுத்து வேகமானது. வீணை வாசிப்பவர் விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்வதும் இந்த ஒட்டலை வெல்லத்தான். கை தயங்காதபோது வாசிப்பவர் வேறு மாதிரி வாசிக்கிறார். கமகத்தை இன்னும் கொஞ்சம் இழுக்கிறார், சுரத்துக்குப் பயமில்லாமல் போகிறார். அந்த வாசிப்புத்தான் ஒலிபெருக்கி வழியாக வெளியே வருகிறது. அந்த வழியில் மட்டும் வயசேற்றிய கிற்றாரின் சத்தம் உண்மையிலேயே மாறுகிறது என்பேன்.

ஒரு சின்ன விசயம் இந்த வியாபாரத்தின் குட்டை உடைத்துவிடும். எவ்வளவு கிழடாக்கிய கிற்றாரிலும் மெட்டுகளும் தந்திகளும் புதுசு. உண்மையான பழங்கிற்றாரில் முதலில் தேய்வது மெட்டுத்தான். தந்தி உரசிப் பள்ளம் விழும், சுரம் தடுமாறும், இரைச்சல் வரும். வீணையில் மெழுகைக் கிளப்பி மெட்டுக்களை மறுபடி வைப்பது போல, கிற்றாரிலும் பழையதைக் கழற்றிப் புதுசு அடிப்பார்கள். அந்த முதுமையை எந்தப் பட்டறையும் விற்பதில்லை. கைக்கு இதமான வயசையும் கண்ணுக்குக் கதை சொல்கிற வயசையும் மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். முதலாவதுக்குக் காசு கொடுக்கலாம். இரண்டாவதுக்குக் கொடுப்பது உங்கள் பையின் கனத்தைப் பொறுத்தது. புதுக் கிற்றார் ஒன்று கையை ஒட்டுகிறதென்றால் கழுத்தின் பின்பக்கத்துப் பளபளப்பை 600ஆம் இலக்க அரத்தாளால் மெல்ல மங்கவையுங்கள், தந்தியை மாற்றுங்கள், வயரைக் குறுக்குங்கள் அல்லது நீட்டிப் பாருங்கள். அமில வேலையை மட்டும் வீட்டில் செய்யவேண்டாம், அதன் ஆவி நெஞ்சுக்குள் போகும்.

அண்ணையின் கிற்றாரை அதற்குப் பிறகு வயரில் குத்திப் பார்த்தோம். நடு பிக்-அப் ஊமை. உப்பீரம் தலைமயிர்க் கம்பியை ஈயம் பற்றவைத்த இடத்தில் அரித்துவிட்டிருந்தது. கொழும்பில் இருந்து ஒன்று எடுப்பித்துப் போட்டோம். தந்தி புதுசு, மெட்டு புதுசு, வயர் 3 மீற்றர். கழுத்தையும் மினுக்கித் தருகிறேன் என்று திருத்துபவர் கேட்டார். அண்ணை கிற்றாரைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.